எட்டு வருசமாய் லினக்ஸ், ஒரேயொரு பிரிண்டர் வில்லங்கம்

போன கிழமை மல்லாவியில் இருந்து கூட்டாளி ஒருவன் போன் எடுத்தான். போட்டோக்கொப்பி, பிரிண்ட் என்று சின்னதாய்க் கடை ஒன்று போடப்போகிறானாம். “மச்சான், நீ லினக்ஸ்தானே வைச்சிருக்கிறாய், நானும் அதையே போடட்டோ?” அவன் கேட்ட நேரம் சரியில்லை. நான் மேசைக்குக் கீழே குந்தியிருந்து பிரிண்டர் வயரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு ரீச்சர், தவணைப் பரீட்சைத் தாளோடு காவல். “வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படி ஒரே சொல்லில் முடிக்கிற விசயம் இல்லை இது.

கிளிநொச்சியில் என் கடைக் கொம்பியூட்டரில் 2017இல் இருந்து விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் ஓடுகிறது. அதற்கு முதல் எல்லாரையும் போலக் களவு விண்டோஸ்தான். பெடியள் கொண்டுவரும் பென்டிரைவ் ஒவ்வொன்றிலும் ஒரு வைரஸ் இருக்கும். மாதத்துக்கு ஒருதரம் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போடுவேன். மின்ட் வந்தபிறகு அந்த வேலையே இல்லை. “அண்ணை, எல்லாம் ஷார்ட்கட்டா மாறிட்டுது” என்று அழுமுகத்தோடு வரும் பிள்ளையின் பென்டிரைவை இதில் குத்தினால், வைரஸ் ஒளித்துவைத்த ஃபோல்டர்கள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். கொப்பி பண்ணிக் கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. லினக்ஸ் தந்த சந்தோசங்களில் எனக்கு முதலாவது இதுதான்.

சரி, வில்லங்கத்துக்கு வருவோம். என்னிடம் இருப்பது பழைய லேசர் பிரிண்டர் ஒன்று. டோனர் நிரப்ப ஆள் இருக்கிறது, உதிரிப்பாகம் கிடைக்கும், விழுந்தாலும் உடையாது. கொம்பனி பெயர் வேண்டாம். லினக்ஸுக்கு என்று அவர்களே ஒரு டிரைவர் (கொம்பியூட்டரையும் பிரிண்டரையும் பேசவைக்கும் மென்பொருள்) தந்தார்கள். மூடிய டிரைவர், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அதோடு பின்னணியில் ஓடும் ஒரு நிரல், காவலாளி என்று வையுங்கள், அவரும் வருவார். பிரிண்டர் எந்த வாசலில் நிற்கும் என்று அவருக்கு முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். லினக்ஸ் முதல் பிரிண்டருக்கு வைக்கும் பெயர் எல்பி0; அதையே சொல்லிவைத்தேன்.

கொம்பியூட்டர் யூ.பி.எஸ்ஸில். லேசர் பிரிண்டர் சூடாகும்போது இழுக்கும் கரண்டுக்குச் சின்ன யூ.பி.எஸ் தாங்காது, ஆகவே அது நேரே சுவர் பிளக்கில். கரண்ட் போனால் பிரிண்டர் மட்டும் சாகும். திரும்பி வந்ததும் லினக்ஸ் அதைப் புது ஆளாக நினைத்து எல்பி1 என்று பெயர் வைத்துவிடும். நம் காவலாளியோ எல்பி0வையே பார்த்தபடி நிற்பார். தாள் வராது, பிழை என்றும் சொல்லாது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் நான் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள். கடைசியில் நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, திரையில் ‘காவலாளியை எழுப்பு’ என்று ஐகன் வைத்தேன். கடையில் நிற்கும் தங்கச்சி ஒரு நாளைக்கு அதை எத்தனை தரம் அமத்துகிறாளோ தெரியாது. சிலவேளை அதற்கும் அவர் எழும்பமாட்டார். அப்போதுதான் நான் மேசைக்குக் கீழே போவது.

டிரைவரைத் திறந்து எழுதியிருந்தால் யாரோ ஒருவர் இதை எப்போதோ திருத்தியிருப்பார். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளருக்கு வந்த கோபமும் லேசர் பிரிண்டர் ஒன்றில்தான். தாள் சிக்கினால் ஆட்களுக்கு அறிவிக்கும்படி பழைய பிரிண்டரின் நிரலை மாற்றி வைத்திருந்தவருக்கு, புதியதின் மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983இல், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களை எழுதும் குனூ திட்டத்தை அறிவித்தார். மேசைக்குக் கீழே இருக்கும்போது அந்த மனிசனை எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஆனால் மேலே எழும்பி வந்தால் வேறு கதை. 2017இல் அந்த மூடிய டிரைவர் இல்லாவிட்டால் நான் லினக்ஸ் பக்கமே வந்திருக்கமாட்டேன். 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது ஸூமும் மூடியதுதான், லினக்ஸுக்கு இருந்தது; பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் கடைக்குள் இருந்து படித்தார்கள். இன்னொன்று. 2019இல் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை, பழைய 32-பிட் மென்பொருள்கள் ஓடத் தேவையான பொதிகளை ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தது. ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் கொம்பனி, அப்படியென்றால் இனி உபுண்டுவுக்கு ஆதரவில்லை என்றது. உடனே முக்கியமானவற்றை வைத்திருக்கிறோம் என்று இறங்கிவந்தார்கள். என் பிரிண்டர் டிரைவரும் 32-பிட். மின்ட் நிற்பதோ உபுண்டுவின் தோளில். அதாவது யாரோ விளையாடும் மூடிய கேம்களின் புண்ணியத்தில் வன்னியில் ஒரு பழைய பிரிண்டர் தப்பியது. திறந்த மென்பொருளில் பிடிவாதமான டெபியன் என்ற லினக்ஸ் வகைக்காரரே 2022இல் வாக்கெடுத்து, 2023இல் வந்த 12ஆம் பதிப்பில், வைஃபை போன்ற பாகங்களை ஓட்டும் மூடிய ஃபர்ம்வேரை நிறுவும் தட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். வைஃபை வேலை செய்யாத மடிகணினியை வைத்துக்கொண்டு கொள்கை பேசிப் பயனில்லை என்று கண்டிருப்பார்கள்.

என் கணக்கு இப்படி. ஸூம் நின்றால் ஒரு வகுப்புப் போகும், வேறொன்றைத் தேடலாம். டிரைவர் நின்றால் கடை நிற்கும். மூடிய மென்பொருள் மேலே வந்து குந்தியிருக்கட்டும், அத்திவாரத்தில் வேண்டாம்.

நேற்று மல்லாவிக்காரனுக்குத் திரும்ப எடுத்தேன். “போடு மச்சான். ஆனால் போனிலிருந்து நேரே அடிக்கிற பிரிண்டராப் பார்த்து வாங்கு, அதுகளுக்குப் பெரும்பாலும் டிரைவரே தேவையில்லை. வாங்கமுதல் எனக்குப் படம் அனுப்பு.”

“அப்ப உன்ரையை எப்ப மாத்தப்போறாய்?” என்றான்.

டோனர் போன மாதம்தான் நிரப்பினது.