2147483647, 4294967297: இரண்டின் அடுக்கையொட்டிய இரு எண்கள்

முதல் எண் 2³¹−1, அடுத்தது 2³²+1. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்று மட்டுமே விலகிநிற்கும் இவ்விரண்டும் பகா எண்களா என்பதை முடிவு செய்தவர் கணிதவியலாளர் ஆய்லர்.

2³²+1 போல, அடுக்குக்குறியும் இரண்டின் அடுக்காகவே (32 = 2⁵) அமையும் எண்கள் யாவும் பகா எண்களே என்று அவருக்கு முந்தைய கணிதவியலாளர் ஃபெர்மா நம்பியிருந்தார். 1732இல் ஆய்லர் 2³²+1 என்பது 641×6700417 எனப் பிரிவதைக் காட்டினார். இந்த எண்ணின் பகாக் காரணி 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பதால் தேடல் வெகுவாகச் சுருங்குகிறது. 641 என்பது 5×2⁷+1 ஆகவும் 5⁴+2⁴ ஆகவும் அமைவதால், 5⁴×2²⁸ஐ 641ஆல் வகுக்க மீதி 1 என்பதும், அதில் 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இட்டால் 2³²+1 மீதியின்றி வகுபடும் என்பதும் நீண்ட வகுத்தலின்றியே தெளிவாகின்றன. எண் கோட்பாட்டில் இதைவிட அழகான சிறு நிறுவலை நான் அறியேன்.

2³¹−1 பகா எண் என்று காட்டுவது கடினமான வேலை. ஏனெனில் ஒரு காரணியைக் காட்டினால் போதாது, 46340 வரை எந்தப் பகா எண்ணும் அதை வகுக்காது என்று உறுதிசெய்ய வேண்டும். காரணிகள் 62இன் மடங்குடன் ஒன்று கூட்டிய வடிவில், 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தருவனவாக மட்டுமே இருக்க முடியும் என்ற வடிகட்டலோடு ஆய்லர் அதை முடித்தார். முடிவு 1772இல் வெளியானது.

பயனில் முதல் எண்ணே முந்துகிறது. அதை 2³⁰ஆல் பெருக்கினால், தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான செவ்விய எண் 2305843008139952128 கிடைக்கிறது. கணினியில் குறியுடைய (நேர், எதிர் இரண்டையும் குறிக்கும்) 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பும் 2³¹−1தான்.