மர்யமா, ஹாஜராவா?

பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் முஸ்லிம் வீடுகளில், பெயர் சூட்டும் ஏழாம் நாள் நெருங்க நெருங்க இந்த இரண்டும் பட்டியலில் மிஞ்சும்.

மர்யம் என்றால் 'வணக்கசாலி' என்று பெயர்ப் புத்தகங்கள் பொருள் சொல்லும். சரி, அதைவிடப் பெரிய விஷயம், குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண், ஈஸா நபியின் (இயேசுவின்) தாயான மர்யம்தான். 19-வது அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது. பிரசவ வலியில் தனியாகப் பேரீச்ச மரத்தடியில் தவித்தவரிடம், மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று சொல்லப்படுகிறது. அந்த நிலையிலும் கையை அசைக்கச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைக்கும்.

இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜராவின் பெயர் குர்ஆனில் இல்லை. பெயரை 'ஹிஜ்ரத்' (இடம்பெயர்தல்) என்ற சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கைக்குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி மக்காவின் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே அவர் 7 முறை ஓடியதை, ஹஜ், உம்ரா என்ற மக்கா புனிதப் பயணங்களுக்குப் போகும் ஒவ்வொருவரும் இன்றும் நடந்து காட்டுகிறார்கள். ஸம்ஸம் நீரூற்று அந்த ஓட்டத்துக்குப் பிறகு கிடைத்ததுதான்.

மர்யம் என்ற பெயரில் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள். ஹாஜரா இப்போது பாட்டிமார் பெயராகிவிட்டது. எனக்கென்னவோ அதனாலேயே ஹாஜராதான் பிடிக்கிறது.