வாடகைக் கார்காரனுக்கு மெட்டார் எதற்கு? வேலூரிலிருந்து ஒரு நீண்ட நாள் அனுபவம்

வேலூரில் வாடகைக் கார் தொழில் செய்கிறேன். வண்டிகள் அதிகமும் சென்னை ஏர்போர்ட்டுக்கும் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கும்தான் ஓடுகின்றன. சிஎம்சிக்கு வரும் வடக்கத்திக்காரர்களில் பலர் ரயிலில் காட்பாடியில் வந்து இறங்குவார்கள், ஆனால் நோயாளியை உட்கார வைத்துக் கூட்டிவர முடியாதவர்கள் சென்னைக்குப் பறந்து வந்து அங்கிருந்து கார் பிடிப்பார்கள். அவர்களைக் காக்க வைக்கக் கூடாது, டிரைவரையும் மீனம்பாக்கத்தில் பார்க்கிங் கட்டணம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க விடக் கூடாது. விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்கள், தாமதமான பிறகு தாமதம் என்று சொல்லும், அவ்வளவுதான். அதனால் சில வருஷங்களாக விமானிகள் பார்க்கும் மெட்டார், டாஃப் என்ற வானிலை அறிக்கைகளையே நேராகப் படித்துவருகிறேன். அந்த அனுபவம்தான் இது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. சாமி 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாற்றிலும் சில வருஷம் வெள்ளம் வருகிறது. காலியான இடத்தில் பயணிகள் விமானம் இன்னும் வராத அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே நான் பார்ப்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் உள்ள அறிக்கைகள்.

சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டு அக்காவின் மகள், கோ-பைலட்டாக இருக்கிறாள். மெட்டார் என்பது இப்போது எப்படி இருக்கிறது என்பது, சென்னைக்கு அரை மணிக்கு ஒன்று வரும். டாஃப் என்பது இனிமேல் எப்படி இருக்கும் என்பது, 30 மணி நேரம் வரைக்கும் போகும். இரண்டும் எழுத்தும் எண்ணுமாக ஒரே மூச்சில் இருக்கும், முதலில் பார்த்தால் கரண்ட் பில் போலத்தான் தெரியும். நேரமெல்லாம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 110830 என்றால் 11ஆம் தேதி, நம் கடிகாரத்தில் மதியம் 2 மணி. இதை ஒரு வாரத்தில் யாரும் பழகிவிடலாம். விமானி இதை வைத்து என்ன யோசிக்கிறார் என்பது பிடிபடத்தான் எனக்கு நாள் ஆனது.

நாம் வானிலை அறிக்கையைத் திறந்தால் கேட்பது ஒரே கேள்வி. என் டிரைவர் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறார்: "இன்னாணா, மழை வருமா வராதா, ஒண்ணு சொல்லுணா." விமானி அப்படிக் கேட்பதில்லை. "நான் இறங்கும் நேரத்தில், அதற்கு ஒரு மணி முன்னும் பின்னும், இதில் எழுதியிருப்பதில் மோசமானது எதுவோ அது நடந்தால் நான் என்ன செய்வேன்?" அதுதான் அவர்கள் கேள்வி. பதில் எரிபொருளில் இருக்கிறது. சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூரா, திருச்சியா, அங்கே போகத் தேவையான எரிபொருள், அதற்கு மேலும் ஒரு 30 நிமிடம் வட்டமடிக்கும் அளவுக்குக் கடைசிக் கையிருப்பு. அறிக்கையில் இடி மழை என்று எழுதியிருந்தாலும் விமானம் கிளம்பும், கூடுதல் எரிபொருளோடு கிளம்பும். "மழை வராட்டி நல்லது மாமா, வந்தாலும் நாங்க கணக்குல வச்சிருப்போம்" என்றாள் அக்காவின் மகள்.

இதை வைத்துக்கொண்டு டாஃபைப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் வேறு மாதிரித் தெரியும். டெம்போ என்று போட்டு நேரம் கொடுத்திருந்தால், அந்த நேரத்துக்குள் வந்து வந்து போகும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணிக்குள் முடியும், மொத்தமாகவும் அந்த நேரத்தில் பாதியைத் தாண்டாது என்று பொருள். பெக்மிங் என்றால் மாறும், மாறியபின் அப்படியே இருக்கும். டெம்போ என்றால் வட்டமடித்துக் காத்திருந்தால் இறங்கிவிடலாம், மோசமாகிற பெக்மிங் என்றால் காத்திருந்து பலனில்லை, வேறு ஊர் பார்க்க வேண்டும். எனக்கும் அதே கணக்குதான்: டெம்போ என்றால் வண்டியை வழக்கமான நேரத்துக்கே அனுப்பி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டீ குடிக்கச் சொல்வேன், பெக்மிங் என்றால் பெங்களூர்ப் பக்கம் போகத் தோதான டிரைவர் யார் என்று பார்த்து வைப்பேன். ப்ராப் 30, ப்ராப் 40 என்றும் வரும், நடக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று பொருள். நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே என்றால் எழுதவே மாட்டார்கள், ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் ப்ராப் போடாமல் நேராகவே எழுதிவிடுவார்கள். ஆகவே ப்ராப் என்பது முன்னறிவிப்பாளருக்கே மனசு பாதிப்பாதியாக இருக்கிற இடம்.

மேகம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வானத்தை எட்டுப் பங்காக்கி, ஒன்றிரண்டு பங்கு மேகம் என்றால் ஃப்யூ, மூன்று நான்கு ஸ்கேட்டர்ட், ஐந்து முதல் ஏழு ப்ரோக்கன், எட்டும் மூடினால் ஓவர்காஸ்ட். பக்கத்தில் உள்ள எண் மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில் என்பது, 030 என்றால் 3000 அடி. புதிதாகப் படிக்கிறவர் 'ஃப்யூ 030 சிபி' என்று பார்த்தால், கொஞ்சம் மேகம்தானே என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார். விமானியின் கண் நேராக அந்த சிபியில் போய் நிற்கும். சிபி என்றால் இடி மேகம். வானத்தில் மற்ற இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தாலும், அது இறங்கும் பாதையின் மேல் ஒன்றே ஒன்றாக உட்கார்ந்துவிட்டால் போதும், வரிசையாக எல்லா விமானமும் வட்டமடிக்கும்.

இந்த சிபி விஷயத்தில் வேலூர்க்காரனுக்கு ஒரு சௌகரியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பகலெல்லாம் வெயில் காய்ச்சி எடுத்துவிட்டு, சாயங்காலம் ஜவ்வாது மலைப் பக்கமும் ஆந்திர எல்லையிலும் மேகம் கட்டும். மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அதெல்லாம் கிழக்கே நகர்ந்து ராத்திரி சென்னைக்குப் போகும். அதாவது சென்னை டாஃபில் டெம்போ இடி மழை என்று எழுதியிருப்பதை, பல நாள் நான் என் வீட்டு மொட்டை மாடியிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடுகிறேன். சென்னை ரேடார் படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் இன்னும் உறுதி.

காற்று அடுத்தது. 25008 என்றால் 250 டிகிரி திசையிலிருந்து 8 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். சென்னையின் பெரிய ரன்வேக்கு ஒரு முனை 07, மறு முனை 25, அதாவது 70 டிகிரி, 250 டிகிரி திசைகள், கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள். கோடையில் காலை மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் திசை கிழக்காகிவிடும், ரன்வே முனையை மாற்றுவார்கள். அந்த மாற்றத்தின்போது வரும் விமானங்களுக்குப் பத்து இருபது நிமிடம் கூடுவது சகஜம். மெட்டாரில் 250 என்பது 090 ஆனதைப் பார்த்தால் நான் டிரைவருக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன்.

காற்றழுத்தம் ஒரு வேடிக்கை. க்யூ 1008 என்று இருப்பது சாயங்காலம் 1004 ஆனதும், புதியவர்கள் புயல் வருகிறது என்று வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள். நம் ஊர் இருக்கும் பகுதியில் தினமும் காலை 10 மணிவாக்கில் அழுத்தம் ஏறி, 4 மணிவாக்கில் மூன்று நான்கு எண் இறங்குவது இயல்பு, ராத்திரியும் அதே மாதிரி ஒரு சுற்று உண்டு. நேற்று இதே மணிக்கு எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். விமானிக்கு அந்த எண் உயரமானியைச் சரிசெய்ய, ஒரு எண் மாறினால் கிட்டத்தட்ட 30 அடி.

குளிர்காலத்துக்கு வெப்பநிலையும் பனிப்புள்ளியும், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டும் கோடு போட்டு ஜோடியாக வரும். பெங்களூருக்கு டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 18/16, அடுத்தது 17/16, காற்று 00000, அதாவது காற்றே இல்லை என்று வந்தால், 16/16க்குக் காத்திருக்கத் தேவையே இல்லை, மூடுபனி வரப்போகிறது. பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் அதை மூடுபனி என்று எழுதுவார்கள், அதற்கு மேல் 5000 வரை வெறும் பனிப்படலம். சென்னையில் இது அபூர்வம், போகி விடியல் தவிர. 2018 போகியன்று டயரும் பாயும் எரித்த புகை பனியோடு கலந்து சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போயின. போகியன்று காலை சென்னைக்கு முன்பதிவு வந்தால் இன்றைக்கும் நான் கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்கிறேன்.

குறை என்று பார்த்தால் பெரிய குறை ஒன்று. டாஃப் ஏர்போர்ட்டைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குத்தான். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் 30, சென்னை ஏர்போர்ட்டையே மூடிவிட்டார்கள். மறுநாள் சென்னை தெளிந்துகொண்டிருந்தபோது புயல் உள்ளே வந்து திருவண்ணாமலையில் மலைச்சரிவு வரை ஆகிவிட்டது. சென்னை அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வழி நல்லா இருக்கும் என்று வண்டி அனுப்பக் கூடாது. ரோட்டுக்கு ரேடாரும், வாலாஜா டோலைத் தாண்டிய டிரைவரின் போனும்தான்.

இன்னொன்று, இதையெல்லாம் எளிமையாக்கித் தருகிறோம் என்று வரும் ஆப்களை நம்பாதீர்கள். ஒன்றில் டெம்போவை அப்படியே விழுங்கிவிட்டு முழுநாளுக்கும் இடி மழைப் படம் போடுகிறார்கள், இன்னொன்றில் சிபியைக் காணவே காணோம், 'சிறிது மேகமூட்டம்' என்றிருக்கிறது. சுருக்கெழுத்து அப்படியே வரும் இடத்தில் பாருங்கள், காசு கிடையாது. விண்டி என்ற வானிலை இணையதளத்தில் ஏர்போர்ட்டைத் தொட்டாலே மெட்டார் வரும். டிரைவருக்கு மட்டும் நான் மொழிபெயர்த்து அனுப்புகிறேன், அவரும் பதிலுக்கு "அப்போ மழை வருமா வராதா" என்கிறார்.