இருமல் சிரப்: மறுநாள் காலையை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் இருமல் சிரப்புகளில் இரண்டு வகையை வெவ்வேறு சளியின்போது குடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று குளோர்பெனிரமைன் கலந்தது, இன்னொன்று டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ளது. இப்போது வறட்டு இருமல் என்றால் இரண்டாவதைத்தான் வாங்குகிறேன். ருசியில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுமே சளியைக் குணப்படுத்தாது, தொல்லையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு முடிவைத் தந்தது மறுநாள் காலை. குளோர்பெனிரமைன் பழைய தலைமுறை அலர்ஜி மருந்து. மூக்கு ஒழுகுவதும் தும்மலும் குறையும், தூக்கமும் வரும். இரவில் அது வரம்தான். ஆனால் மூளைக்குள் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினையும் அது தடுக்கிறது. பெரியவர்களின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகலாம். அதனால் ராத்திரி குடித்தது காலையிலும் மிச்சமிருக்கும். பகலிலும் குடித்தால் அதன்மேல் இதுவும் சேரும். படித்த வரியையே திரும்பப் படிப்பேன், யாராவது கேள்வி கேட்டால் பதில் தாமதமாக வரும். வண்டி ஓட்டுபவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. தூக்கம் வராதது போல் இருந்தாலும் கவனமும் கை வேகமும் குறைந்திருக்கலாம்.

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளைத் தண்டில் இருமலைத் தூண்டும் இடத்தை அடக்குகிறது. வேலை செய்வது சில மணி நேரம்தான், ஆனால் அந்த நேரத்தில் தடங்கலில்லாமல் பேச முடிகிறது, தலையும் தெளிவாக இருக்கிறது. சிலருக்கு இதிலும் தலைசுற்றலோ மயக்கமோ வரும், அதனால் முதல் வேளையை வீட்டில் இருக்கும்போது குடிப்பது நல்லது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து.

இரவெல்லாம் மூக்கு ஒழுகி, காலையில் எங்கும் போக வேண்டியதில்லை என்றால் முதல் வகையையே எடுக்கலாம். நெஞ்சுச் சளி வெளிவரும் இருமலுக்குக் குவைபெனசின், அம்ப்ராக்சால் சிரப்புகள் உண்டு. அவற்றை நான் அதிகம் குடித்ததில்லை, எனவே எது மேல் என்று சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் லேபிளில் பாராசிட்டமால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காய்ச்சலுக்குத் தனியாகப் போடும் மாத்திரையோடு அளவு இரட்டிப்பாகிவிடும். அப்புறம், சின்னக் குழந்தைகளுக்கு இந்த இரண்டு வகை சிரப்பையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இருமல் 3 வாரத்தைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ சிரப்பை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.