அந்த வாய்ஸ் மெசேஜில் பேசுவது நான்தான்

மாதவிடாய் நின்றவர்களுக்கான ஒரு சூரணம் பற்றி வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. "மூணே வாரத்துல உடம்பு அனல் போயிடுச்சு, ராத்திரி நல்லாத் தூங்குறேன்" என்று ஒரு பெண் சொல்வாள். அது நான்தான். தயவுசெய்து அதை நம்பி வாங்காதீர்கள்.

எனக்கு 52 வயது. தீட்டு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நடுராத்திரியில் கழுத்திலிருந்து உச்சந்தலை வரை அனல் ஏறும். நைட்டி நனைந்துபோய் ஃபேனுக்கு நேராக நிற்பேன். தெரிந்தவர் ஒருவர் குரூப்பில் சேர்த்துவிட்டார். 90 நாள் கோர்ஸ், மூன்று டப்பா, 6,800 ரூபாய். தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப் பட்டை, அப்புறம் "சில ரகசிய மூலிகைகள்". டப்பாவில் அம்மன் படமும் ஃபோன் நம்பரும்தான். உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் இல்லை. பால் பாக்கெட்டில்கூடத் தேதி பார்க்கிற ஆள் நான்.

மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. அந்த மெசேஜ் அப்போது பேசியது. (இந்த அனல் தானாகவே கூடும், குறையும் என்பது பிறகுதான் தெரிந்தது.) ஐந்தாவது வாரம் உதிரம் பட்டது. விற்றவரைக் கேட்டேன். "பயப்படாதீங்க அக்கா, இளமை திரும்புது. கழிவெல்லாம் வெளிய வருது. ரெண்டு வேளையா சாப்பிடுங்க." சாப்பிட்டேன், இன்னும் ஆறு வாரம்.

மகள்தான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். தீட்டு நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வந்து காட்ட வேண்டும், புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும் என்று திட்டினார். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மில்லிமீட்டர். 4-க்குள் இருந்தால் கவலை குறைவாம். பயாப்ஸி ரிசல்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கடைசியில் வெறும் பாலிப், புற்றுநோய் இல்லாத சின்ன சதை வளர்ச்சி. "இதுல என்னம்மா இருக்கு?" என்று டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்?

நாட்டு மருந்துக்கு நான் எதிரி இல்லை. உளுந்தங்களி இன்றும் கிண்டுகிறேன். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது, மின்சார ரயிலில் போய் இறங்கியிருக்கலாம்.

பணத்தைக் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லாம சாப்பிட்டா வேலை செய்யாது அக்கா" என்று பதில். என் மெசேஜை எடுக்கச் சொன்னேன். குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். போன வாரம் மதுரையிலிருந்து என் நாத்தனார் அதே மெசேஜை எனக்கே அனுப்பியிருக்கிறாள்: "அண்ணி, உங்க குரல் மாதிரியே இருக்கு. வாங்கலாமா?"