மூன்று மீட்டர் வாக்ஸ்வுட் கம்பு: பாஜிச்சுவான் பழகுகிறவர்கள் வாங்கலாமா?

சீனத் தற்காப்புக் கலையான பாஜிச்சுவான் பழகுகிறவர்கள் குத்துப் பை, கையுறை எல்லாம் வாங்கும் முன் நல்ல கம்பு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. இங்கே பார்க்கப்போவது ஆன்லைனில் 'தா கான்' (பெரிய கம்பு) என்ற பெயரில் கிடைக்கும், முனை பொருத்தாத ஈட்டிக் கம்பு. நீளம் 3 மீட்டர், அடிமுனையின் விட்டம் 4 செ.மீ., நுனி 2 செ.மீ.க்குச் சற்று மேல், காய்ந்த நிலையில் எடை ஏறக்குறைய 1.8 கிலோ. சரியான கம்பு அமைந்தால் கொடுத்த காசுக்கு முழுப் பலன் உண்டு. அமையாவிட்டால் விறகுதான்.

சீனாவின் ஹெபே மாகாணத்தில், சாங்ச்சோ பகுதியில் உள்ள மெங்சுன்தான் இந்தக் கலையின் தாய்வீடு. ஹுய் முஸ்லிம்கள் வாழும் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஊ ஜோங்கிலிருந்துதான் குரு பரம்பரை தெளிவாகத் தெரிகிறது. முழங்கையும் தோளும் வைத்து நெருங்கி அடிக்கும் கலை என்றே பலர் இதை அறிவார்கள். ஆனால் பழைய ஆசான்களுக்கு ஈட்டிதான் உயிர். லீ ஷுவென் (1864–1934) பெயர் பெற்றதே 'தெய்வ ஈட்டி லீ' என்றுதான். அவருடைய மாணவர் லியூ யுன்சியாவ் வழியாகத் தைவானுக்குப் போன பாடத்திலும் 'லியூஹெ' என்னும் பெரிய ஈட்டிக்குத் தனி இடம் உண்டு. கம்பு பழக ஒரு மாதம், வாளுக்கு ஒரு வருடம், ஈட்டிக்கு ஆயுள் முழுக்க என்று சீனர்கள் சொல்வார்கள்.

ஈட்டிக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் எளிது. நுனி அவ்வளவு தூரத்தில் இருப்பதால் கைபலத்தால் மட்டும் அதை ஆள முடியாது. தோளால் தள்ளினால் நுனி தள்ளாடும். கால், இடுப்பு, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் அதிர்வு நுனிவரை ஓடி நிற்கும். அந்த உடலமைப்பு வந்தபின் கம்பைக் கீழே வைத்துவிட்டு அதே அசைவை 'திங் ஜோ' முழங்கைக் குத்தில் போட்டால், அடி எங்கிருந்து வருகிறது என்பது உடனே தெரியும்.

இனி வாங்கும் விஷயம். வாக்ஸ்வுட் என்பது சீன ஆஷ் மரம். வெட்டிய தூரிலிருந்து நேராகத் துளிர்க்கும் போத்துகளை அப்படியே முழுசாக எடுத்துத் தோலுரிப்பார்கள். பலகையிலிருந்து அறுத்துக் கடைந்த கம்பும் அதே பெயரில் விற்கிறது. அதை எடுக்காதீர்கள். மரத்தின் ரேகை பக்கவாட்டில் வெளியேறுகிற இடத்தில் அது சாய்வாகப் பிளந்து முறியும், முறிந்த முனை கூராக நிற்கும். இரு முனைகளின் படத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வளையங்களின் மையம் கிட்டத்தட்ட நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் காயக் காய வளையும். சின்னக் கணுக்கள் இருக்கத்தான் செய்யும். நுனிப்பக்க ஒரு மீட்டரில், கம்பின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலமான கணு இருந்தால் வேண்டாம்.

பார்சல் நீள வரம்புக்காக நடுவில் வெட்டி, உலோகத் திருகு வைத்து அனுப்பும் ரகமும் உண்டு. எடுத்துப்போக வசதிதான். ஆனால் அதிர்வு அந்த இணைப்பிலேயே செத்துவிடும், திருகும் சீக்கிரம் ஆட ஆரம்பிக்கும். ஒரே துண்டாக வரவழைத்தால் அனுப்பும் செலவு அதிகம்தான், அதைக் கொடுத்துவிடலாம். போட்டிகளில் பயன்படும் மெல்லிய ஈட்டிக் கம்பு இதற்கு மாற்றாகாது.

பெரும்பாலும் பச்சை வாசனையோடு, பிளாஸ்டிக் சுற்றித்தான் வந்து சேரும். அன்றைக்கே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெட்டுமுனை இரண்டிலும் மெழுகு தடவி, நிழலில் நாலு இடத்தில் தாங்கல் கொடுத்துப் படுக்கையாக மூன்று நான்கு வாரம் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் முனை வெடிக்கும், சுவரில் சாய்த்து வைத்தால் வில்லாக வளையும். காய்ந்தபின் 120-ஆம் எண், பிறகு 240-ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்கவும். இந்த மரம் சுலபமாக உளுத்துப் போகும் என்பதால் போராக்ஸ் கரைசல் ஒருமுறை பூசி உலர்த்திவிட்டு, லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொரு நாள் இடைவெளியில் தேய்க்கவும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்திவிட்டு எறியுங்கள். வார்னிஷ் வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டதும் முன்கை, அதாவது கம்பை முன்னால் பிடிக்கும் கை, அதில் ஒட்டும்.

முன்கை ஒட்டக் கூடாது என்பதற்குக் காரணம் பிடியிலேயே இருக்கிறது. முன்கை குழாய், பின்கை பூட்டு என்பது ஈட்டிக்காரர்கள் சொல்லும் விதி. குதிரை நிலையில், அதாவது காலை அகட்டி முட்டியை மடக்கி நின்று, பின்கையால் அடிமுனையை இடுப்போடு சேர்த்துப் பிடியுங்கள். இடதுகை முன்னால் என்றால், 'லான்' நுனியை இடப்பக்கமாக வளைத்து எதிராளியின் ஆயுதத்தை வெளியே ஒதுக்கும். 'நா' வலப்பக்கமாகச் சுழன்று அதை அமுக்கும். 'ஜா' நேர்க்குத்து: பின்கை முன்கையை நோக்கிப் பாய, கம்பு குழாய்க்குள் ஓடுவதுபோல் ஓட வேண்டும். நுனியின் வட்டம் தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 30 முறை போதும். குத்தி முடித்தபின் நுனி நெடுநேரம் ஆடினால் தோள் இறுகியிருக்கிறது என்று பொருள். முன்கை உள்ளங்கையில் கொப்புளம் வந்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் இடுப்பு திரும்பாமல் மணிக்கட்டு மட்டும் திருகுகிறது, எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சிலம்பம் பழகியவர்களுக்குக் கம்பைச் சுழற்றக் கை துடிக்கும். இங்கே குத்தும்போது தவிர அடிமுனை இடுப்பை விட்டு விலகக் கூடாது. பாஜிச்சுவானில் காலை ஓங்கி மிதிக்கும் பழக்கம் சிமெண்டுத் தரையில் வேண்டாம், முட்டி போய்விடும்.

இரும்பு முனையும் சிவப்புக் குஞ்சமும் சேர்த்து விற்பார்கள். பயிற்சிக்கு இரண்டும் தேவையில்லை, முனையின் எடை ஆரம்பத்தில் தோளைத்தான் இறுக்கும். முன்னால் ஐந்து மீட்டர் காலியிடம் இல்லாதவர்கள், தோள் பலம் குறைந்தவர்கள் 2.5 மீட்டர் நீளம், 3.5 செ.மீ. அடிமுனை உள்ளதை எடுக்கலாம். 2 மீட்டருக்குக் கீழே இறங்கினால் நுனியின் அதிர்வு கைக்கே தெரியாது.