சிலிண்டரா, இண்டக்‌ஷன் அடுப்பா?

2025 ஏப்ரலில் வீட்டு உபயோக சிலிண்டருக்கு 50 ரூபாய் கூட்டப்பட்டு, சென்னையில் அதன் விலை 868.50 ரூபாயானபோது, எங்கள் சமையலின் பெரும்பகுதியை இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றினோம். அந்த முடிவு சரியென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. அதற்குக் காரணம் அடுப்பன்று, மீட்டர்.

வசதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மின்வெட்டின்போதும், மண்சட்டியில் குழம்பு வைக்கவும், அப்பளம் சுடவும் சிலிண்டர்தான். பால், குக்கர் சாதம், பருப்புக்கு இண்டக்‌ஷன் விரைவானது. சமையலறையில் வெக்கையும் குறைவு.

14.2 கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் இருந்தாலும், அதில் 60 சதவீத அளவே பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது; இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை சேரும். ஆகவே ஒரு சிலிண்டரின் வேலையைச் சுமார் 130 யூனிட் செய்துவிடும். 868.50 ரூபாயை 130ஆல் வகுத்துப் பார்த்தால், யூனிட்டுக்கு 6 ரூபாய் 70 காசுக்குக் குறைவாகக் கட்டுபவருக்கு இண்டக்‌ஷன் லாபம். அதற்கு மேல் கட்டுபவருக்குச் சிலிண்டர் லாபம்.

தமிழ்நாட்டில் 2016இல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2025இன் கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நிற்கும்வரை எந்தக் கட்டண அடுக்கின் விலையும் அந்த 6 ரூபாய் 70 காசைத் தொடவில்லை. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆனது. நாங்கள் வாடகை வீட்டில் இருந்தாலும், தனி இணைப்பு இருப்பதால் வாரியத்துக்கே நேராகக் கட்டுகிறோம். அடுப்பை மாற்றிய பிறகும் 500ஐத் தாண்டவில்லை. ஒரே இணைப்பில் பல குடித்தனங்களை வைத்து, சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் இடங்களில் கதை வேறு. 10 ரூபாய் கட்டுபவருக்கு அதே 130 யூனிட் 1,300 ரூபாயாகிறது; அரசு தரும் இலவச யூனிட்டும் அவர் கைக்கு வருவதில்லை. முகவரிச் சான்று இல்லாத கூலித் தொழிலாளிக்கோ பெரிய சிலிண்டரும் எட்டாது. முகவரிச் சான்றில்லாமல் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர், கிலோ கணக்கில் விலை கூடியது. மாற்று வழிகள் இருந்தும், குறைந்த வருமானக்காரருக்கு இரண்டுமே கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கின்றன.

இண்டக்‌ஷனின் கம்பிச்சுருளும் மின்சுற்றுப் பலகையும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லுமளவுக்கு எங்கள் அடுப்புக்கு வயதாகவில்லை. பழுதுச் செலவு இக்கணக்கில் சேரவில்லை. எனவே சிலிண்டர் இணைப்பை ஒப்படைத்துவிடாமல் வைத்திருக்கிறோம். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன், மின்கட்டணத்தை வாரியத்துக்குக் கட்ட வேண்டுமா, வீட்டுக்காரரிடமா என்பதைக் கேட்டுக்கொண்டு அடுப்பு வாங்குவது நல்லது.